கைவேலைப் பரிமாற்றம்: தென்னாப்பிரிக்காவில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று எங்கே குடிவந்திருந்தாலும் சரி, கையில் குரோஷே ஊசியோ எம்பிராய்டரி வளையமோ இருந்தால் உங்களுக்குத் துணை கிடைத்துவிடும். நீங்கள் செய்ததை இன்னொருவருக்கு அனுப்பி, அவர் செய்ததை வாங்கிக்கொள்ளும் பழக்கம் இங்கே நன்றாகவே நடக்கிறது. இதில் காசு கைமாறுவதில்லை. ஆனால் வழிமுறையை முழுதாகச் சொல்லித்தர ஆள் கிடைப்பது கடினம். வெளிநாட்டிலிருந்து எனக்கு வந்த ஒரு பெட்டி ஒரு கூரியர் நிறுவனத்தின் கிடங்கில் வாரக்கணக்கில் கிடந்தது. என்ன தாள் வேண்டும் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தையல் சரியில்லாததால் கெட்ட பரிமாற்றத்தை நான் பார்த்ததில்லை. நான் பார்த்த மனத்தாங்கல்கள் எல்லாம் அளவு, தேதி, தபால் செலவு இந்த மூன்றையும் முன்கூட்டிப் பேசாததால் வந்தவை.

1. சிறியதாகத் தொடங்குங்கள்

முதல் சுற்றில் போர்வை, சால்வை, ஸ்வெட்டர் எதுவும் வேண்டாம். உழைப்பு அதிகம், தபால் செலவு அதிகம், எதிர்பார்ப்பும் அதிகம். துணி அஞ்சலட்டை நல்ல தொடக்கம். 4 அங்குலத்துக்கு 6 அங்குலம், நடுவில் கெட்டியான உள்துணி, முன்பக்கம் உங்கள் வேலை, பின்பக்கம் பெயர் எழுத வெள்ளைத் துணி. இதற்கும் சிறியது வேண்டுமென்றால் விளையாட்டுச் சீட்டு அளவில், அதாவது இரண்டரைக்கு மூன்றரை அங்குலத்தில் செய்து மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. குரோஷே செய்பவர்களுக்குக் கோப்பை விரிப்பு, ஒரு சாண் அளவு டாயிலி (சிறு அலங்கார விரிப்பு) போதும்.

ஒட்டுத்துணிக் கட்டங்களை மாற்றிக்கொள்ளும் சுற்றும் புதியவர்களுக்கு ஏற்றது. அதில் ஒரு பொறி இருக்கிறது. '12 அங்குலக் கட்டம்' என்று சொன்னால் தைத்து முடித்த பிறகு 12 அங்குலம் என்று பொருள். நீங்கள் அனுப்ப வேண்டியது நாலாபக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்ட பன்னிரண்டரை அங்குலம். இங்கே கடையில் துணியை மீட்டரில் வெட்டுவார்கள், கட்டத்தை அங்குலத்தில் பேசுவார்கள். இரண்டும் உள்ள நாடா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஆளைக் கண்டுபிடிப்பது

கம்பளி நூல் விற்கும் கடைகளில் சனிக்கிழமை உட்கார்ந்து பின்னும் கூட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். குயில்ட் (பஞ்சு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை) தைப்பவர்களுக்கு ஊருக்கு ஊர் சங்கங்கள் உண்டு, விருந்தாளியாக ஒரு கூட்டத்துக்குப் போகலாம். கோயில் மகளிர் குழுவில் கேட்டால் கண்டிப்பாக யாராவது ஒரு அக்காவைக் கைகாட்டுவார்கள். இங்கேயே பல தலைமுறையாக இருக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு ஆங்கிலம்தான் புழங்குமொழி. ஆயாவிடம் கற்ற பின்னல் கையில் இருக்கும், தமிழ் வாசிப்பு இருக்காது. அதனால் எழுதிக்கொள்வதை ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

பரிமாற்றம் மூன்று விதமாக நடக்கும். இருவர் நேருக்கு நேர் மாற்றிக்கொள்வது ஒன்று. யாருக்கு யார் என்பதை ஒருங்கிணைப்பாளர் மட்டும் அறிந்திருக்கும் ரகசியச் சுற்று ஒன்று. ஒரே துணி நான்கைந்து பேர் கைக்குப் போய், ஒவ்வொருவரும் கொஞ்சம் சேர்த்துத் தைத்து, கடைசியில் உடையவரிடம் திரும்பும் சுற்றுவழி இன்னொன்று. மூன்றாவதைப் புதியவர்கள் எடுக்க வேண்டாம். ஒருவர் தாமதித்தால் எல்லோருடைய துணியும் நின்றுவிடும்.

3. விதித்தாள் எழுதாமல் ஊசியில் நூல் கோக்க வேண்டாம்

இதுதான் முக்கியமான படி. வாட்ஸாப்பில் நாலு வரி எழுதி இருவரும் 'சரி' என்று போட்டாலே போதும். ஆனால் அந்த நாலு வரியில் இவை இருக்க வேண்டும்.

பொருள் என்ன, நீள அகலம் எவ்வளவு. 'குஷன் உறை' என்று மட்டும் எழுதினால் ஒருவர் 40 சென்டிமீட்டரும் மற்றவர் 60 சென்டிமீட்டரும் தைப்பார்கள். உறை மட்டுமா, உள் தலையணையுமா என்பதையும் எழுதுங்கள்.

நூல் எது. சுத்தப் பருத்தியா, அக்ரிலிக்கா, ஆட்டுக் கம்பளியா. கம்பளி உடம்பில் பட்டால் தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் நாய், பூனை உண்டா, சாம்பிராணி, ஊதுவத்தி வாசம் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டுவிடுங்கள். நமக்கு மணமாக இருப்பது சிலருக்கு இருமலாகிவிடும்.

நிறம். வேண்டாத நிறத்தைக் கேட்பது வேண்டிய நிறத்தைக் கேட்பதைவிடப் பயனுள்ளது. சில வீடுகளில் கறுப்பை நல்ல காரியத்துக்கு வைக்கமாட்டார்கள், சிலர் முழு வெள்ளையைத் தவிர்ப்பார்கள்.

துணி, நூலுக்கு ஆகும் செலவின் உச்சவரம்பு. ஒருவர் 80 ராண்டுக்கும் மற்றவர் 400 ராண்டுக்கும் பொருள் வாங்கினால் இருவருக்குமே சங்கடம். உழைப்பைக் கணக்கிட முயலாதீர்கள். அதில் சமன் வராது.

அனுப்பும் கடைசித் தேதி. வந்துசேரும் தேதியை யாராலும் உறுதி சொல்ல முடியாது, அனுப்பும் தேதியைத்தான் எழுத வேண்டும். எந்த வழியில் அனுப்புவது, அவரவர் செலவு அவரவருக்கா என்பதையும் சேருங்கள். தாமதமானால் எத்தனை நாள் பொறுப்பது, வராமலே போனால் என்ன செய்வது என்ற வரியை எழுத எல்லோரும் கூச்சப்படுவார்கள். எழுதுங்கள். இந்த வரி இருந்தால் பிற்பாடு பேச்சு வளராது.

குரோஷே வடிவக் குறிப்பைப் பகிர்ந்துகொண்டு இருவரும் ஒரே வேலை செய்வதாக இருந்தால், குறிப்பு பிரிட்டன் முறையா அமெரிக்க முறையா என்று பாருங்கள். இங்கே பிரிட்டன் முறைதான் அதிகம். பிரிட்டனின் டபுள் குரோஷே அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே. கவனிக்காவிட்டால் இரண்டு கட்டங்களும் வேறு வேறு உயரத்தில் வந்து நிற்கும்.

4. துணியும் நூலும்

டர்பனில் பழைய கிரே தெருப் பகுதி, ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசா, இரண்டிலும் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. மீந்த துண்டுகளைத் தனியாகக் கட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் எடுத்துத் தருவார்கள். சிறு வேலைக்கு அதுவே தாராளம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்களிடம் ஆசையாகக் கேட்கப்போவது ஷ்வேஷ்வே துணியை. கருநீலம், பழுப்பு, சிவப்பில் நுணுக்கமான அச்சு வேலையோடு வரும் கெட்டிப் பருத்தி. அசலில் பின்பக்கம் முத்திரை இருக்கும். மூன்று பூனை முத்திரை பேர்போனது. அகலம் 90 சென்டிமீட்டர்தான். ஊரில் வாங்கும் 44 அங்குலத் துணிக் கணக்கில் வாங்கினால் பற்றாமல் போய்விடும். கடையில் தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். அது கஞ்சி. துவைத்ததும் போய்விடும், துணி மெத்தென்று ஆகிவிடும். கூடவே கொஞ்சம் சுருங்கும், கருநீலம் முதல் துவைப்பில் சாயம் விடும். ஆகவே வெட்டுவதற்கு முன் தனியாகத் துவையுங்கள். அலசிய தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். நீலம் ஒட்டினால் இன்னொரு அலசல். ஊரிலிருந்து கொண்டுவந்த சுங்குடிக்கும் இதே சோதனைதான். துணியாகவே பரிமாறினால் மட்டும் துவைக்காமல் அனுப்புங்கள். வாங்குகிறவர்கள் அந்த விறைப்பையும் முத்திரையையும் பார்க்க விரும்புவார்கள். துவைக்கவில்லை என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

நூலில் இந்த நாட்டின் பெருமை மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டு மயிர். உலக மோஹேரில் ஏறக்குறைய பாதி இங்கேதான் உற்பத்தியாகிறது, பெரும்பகுதி கிழக்குக் கேப் பக்கம். அனுப்பினால் நூற்று முடித்த நூலாக அனுப்புங்கள். கழுவாத, நூற்காத மயிரை எல்லை தாண்டி அனுப்பினால் கால்நடை நோய்த் தடுப்பு விதிகள் குறுக்கே வரும்.

5. முடிப்பு

வேலையின் அழகு முன்பக்கம் தெரியும், அக்கறை பின்பக்கம் தெரியும். குரோஷேயில் நூல் முனையை ஒட்ட வெட்டாமல் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக விடுங்கள். முனை மழுங்கிய ஊசியில் கோத்து ஒரு திசையில் நாலைந்து தையல் செருகி, திரும்பவும் எதிர்த் திசையில் செருகி, பிறகு வெட்டுங்கள். ஒரே திசையில் செருகியது முதல் துவைப்பிலேயே வெளியே தலைகாட்டும்.

அக்ரிலிக் வேலை மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். நூல் உருகித் தட்டையாகிவிடும், திரும்ப எழும்பாது. ஈரத்தோடு குண்டூசி குத்தி வடிவம் நிறுத்திக் காயவிடுவது போதும்.

துவைக்கும் முறையைச் சின்னச் சீட்டில் எழுதி, அதே நூலில் ஒரு துண்டையும் சுற்றி வையுங்கள். பிற்பாடு ஏதாவது பிரிந்தால் அவர்கள் அதைக்கொண்டு சரிசெய்துகொள்வார்கள். அனுப்பும் முன் முன்பக்கம், பின்பக்கம், அளவு நாடாவை வைத்து ஒன்று எனப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துணி, நூல் வாங்கிய ரசீதுகளையும் படம் எடுங்கள். பார்சல் தொலைந்து இழப்பீடு கேட்க நேர்ந்தால் கைவேலைக்கு வேறு ஆதாரம் கிடையாது.

6. கட்டுவது

டர்பனின் ஈரக்காற்றில் துணி காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். மழை நாளில் கட்டி அனுப்பிய பருத்தி, வழியில் ஒரு வாரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டுங்கள். ரசகற்பூர உருண்டை போடாதீர்கள், அந்த நெடி துணியை விட்டுப் போகாது. வேப்பிலை, கிராம்பு, உலர்ந்த பூ போன்றவை உள்நாட்டுக்குப் பரவாயில்லை. வெளிநாட்டுப் பார்சலில் கூடவே கூடாது. முக்கியமாக ஆஸ்திரேலியாவில் தாவரப் பொருளைப் பார்த்தால் பார்சலையே நிறுத்திவிடுவார்கள். மடிப்புக்கு நடுவில் ஒரு தாள் உருளை வைத்தால் பூவேலை நசுங்காது.

7. உள்நாட்டில் அனுப்புவது

தென்னாப்பிரிக்க அஞ்சல் துறை 2023 ஜூலையில், நொடிந்த நிறுவனங்களுக்கான வணிக மீட்பு நடவடிக்கையின் கீழ் வந்தது. பல கிளைகள் மூடப்பட்டுவிட்டன. அதனால் கைவேலைக்காரர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில்தான் அனுப்புகிறார்கள்.

பெப் துணிக்கடைகளில் நடக்கும் பாக்சி என்ற பார்சல் சேவை மலிவு. கடையிலேயே பை வாங்கி, பொருளைப் போட்டு ஒட்டி, பெறுபவரின் கைபேசி எண்ணையும் அவருக்குப் பக்கத்துக் கடையையும் சொன்னால் போதும். மெதுவான சேவைக்கு சுமார் 60 ராண்ட், ஏழிலிருந்து ஒன்பது வேலைநாள். அவசரச் சேவை அதற்கு ஏறக்குறைய இருமடங்கு. சிற்றூர்களில்கூடப் பெப் கடை இருப்பதால் கிராமப்புறத்து நண்பருக்கு இதுவே வசதி.

புடோ லாக்கர் என்பது பார்சலை வைத்து எடுக்கும் பூட்டுப் பெட்டி. பெட்ரோல் பங்கு, கடைவளாகம் போன்ற இடங்களில் இருக்கும். செயலியில் பதிந்து, பெட்டியளவைத் தேர்ந்து, நீங்களே உள்ளே வைத்துவிட்டு வரலாம். சிறிய அளவு 60 ராண்ட் சுற்றளவில் தொடங்கும், பெரும்பாலும் சில நாட்களில் போய்விடும். பெறுபவருக்கு ரகசிய எண் குறுஞ்செய்தியில் வரும். லாக்கரில் நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். அவர் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

போஸ்ட்நெட் கடையிலிருந்து இன்னொரு போஸ்ட்நெட் கடைக்கு அனுப்புவது சுமார் 110 ராண்ட். 5 கிலோ வரை அதே விலை என்பதால் குயில்ட் போன்ற கனமான பொருளுக்கு இதுதான் கட்டுப்படியாகும். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், போகும் முன் பார்த்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் பெறுபவரின் கைபேசி எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் பார்சல் அனாதைதான். அவரையே தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லி, அதை நகலெடுத்து ஒட்டுங்கள். பார்சலுக்குள்ளேயும் இருவர் பெயர், எண் எழுதிய தாள் ஒன்றைப் போடுங்கள்.

8. எல்லை தாண்டினால்

பொறிகள் அதிகம் இருக்கும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

அஞ்சல் வழியாக அனுப்பும் எல்லாப் பொருளுக்கும் சுங்க அறிவிப்புத் தாள் உண்டு. சிறிய, மதிப்புக் குறைந்த பொட்டலத்துக்கு சிஎன்22, அதற்கு மேல் சிஎன்23. பொருள் என்ன என்ற இடத்தில் 'கைவேலை' என்று எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது, பிரித்துப் பார்ப்பார். 'பருத்தி நூலில் குரோஷே செய்த மேசைவிரிப்பு, புதியது, 1' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதுங்கள். பொருள் வகை எண்ணும் எழுதினால் வேலை சுலபமாகும். மேசைவிரிப்பு, படுக்கை விரிப்புக்கு 6302, குஷன் உறைக்கு 6304, பூவேலை செய்த துண்டுத் துணிக்கு 5810, பஞ்சு வைத்த குயில்ட்டுக்கு 9404.

மதிப்பு என்ற இடத்தில் பூஜ்யம் போடாதீர்கள். 'வணிக மதிப்பு இல்லை' என்று எழுதச் சொல்லி அறிவுரை தருபவர்கள் இருக்கிறார்கள். அது வேலை செய்யாது. மதிப்பில்லாத பொருள் என்று சுங்கத்துக்கு எதுவும் கிடையாது, அவர்களாகவே ஒரு மதிப்புப் போடுவார்கள். துணி, நூல் செலவோடு நியாயமான ஒரு தொகையைச் சேர்த்து எழுதி, ரசீதுப் படத்தையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'பரிசு' என்ற கட்டம். தென்னாப்பிரிக்காவுக்குள் வரும் பரிசுப் பார்சலுக்கு ஆண்டுக்கு ஒருவருக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 1,400 ராண்டுக்கு மேற்படாமல், வரிவிலக்கு உண்டு. ஆனால் அது கேட்காமல் வந்த பரிசாக இருக்க வேண்டும். நீ அனுப்பு, நான் அனுப்புகிறேன் என்று பேசி வைத்தது அந்த வரையறைக்குள் வராது. பரிமாற்றத்தைப் பரிசு என்று எழுதி, உள்ளே 'உன் முறைக்கு நன்றி' என்று கடிதமும் வைத்து அனுப்பினால் எழுதியதும் இருப்பதும் பொருந்தாது. மற்ற நாடுகளிலும் பரிசு வரம்பு சிறியதுதான். பிரிட்டனில் 39 பவுண்ட், கனடாவில் 60 டாலர். இந்தியாவுக்குப் பரிசாக அனுப்புவதற்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது, ராக்கி மாதிரிச் சிலவற்றுக்கு மட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த பொது விலக்கும் 2025 ஆகஸ்ட் கடைசியில் நிறுத்தப்பட்டது. அதனால் 'பரிமாற்றம், விற்பனைக்கல்ல' என்று எழுதி, வரி வந்தால் பெறுபவர் கட்டுவது என்று விதித்தாளிலேயே சேர்ப்பதுதான் நல்லது.

வரி எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் பாருங்கள். ஊரிலிருந்து அக்கா 600 ராண்ட் மதிப்புள்ள பின்னிய கார்டிகன் அனுப்புகிறார். உடுப்புக்கு இங்கே சுங்கவரி 45 விழுக்காடு, 270 ராண்ட். வாட் என்கிற மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காடு. அதைக் கணக்கிடும்போது பொருள் மதிப்போடு பத்து விழுக்காட்டையும் சுங்கவரியையும் கூட்டுவார்கள். 600, 60, 270 சேர்த்து 930. அதில் 15 விழுக்காடு 139 ராண்ட் 50 சென்ட். ஆக 409 ராண்ட் 50 சென்ட். கூரியர் வழியாக வந்தால் அவர்களது கையாளும் கட்டணம் தனி. இதனால்தான் எல்லை தாண்டிய பரிமாற்றத்தில் உடுப்பே வேண்டாம் என்கிறேன். அஞ்சலட்டை, கட்டம், டாயிலி அனுப்புங்கள், வரி வந்தாலும் தாங்கும்.

அம்மாவின் பழைய சேலையில் தைத்த போர்வைக்கு இணையான பொருள் கிடையாது. ஆனால் பயன்படுத்திய துணியைத் தென்னாப்பிரிக்காவுக்குள் இறக்குமதி செய்ய ஐட்டாக் என்கிற பன்னாட்டு வணிக நிர்வாக ஆணையத்தின் அனுமதி வேண்டும். பழைய சேலை வேலையை நாட்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வேண்டுமென்றால் வருகிறவர் தன் சொந்தப் பெட்டியில் கொண்டுவரட்டும்.

கூரியர் வழியாக உங்களுக்குப் பார்சல் வந்தால் அடையாள எண் அல்லது பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, மதிப்பைக் காட்டும் தாள் இவற்றைக் கேட்பார்கள். மூன்றையும் ஒரே கோப்பாகக் கைபேசியில் வைத்திருந்து, கேட்ட அன்றே அனுப்புங்கள். கிடங்கில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை போடுகிறவர்கள் உண்டு. ஆண்டில் மூன்று முறைக்கு மேல் வரவழைத்தால் சார்ஸ் என்கிற தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையில் இறக்குமதியாளராகப் பதியச் சொல்வார்கள். ஆகவே வெளிநாட்டுச் சுற்றுகளை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போட்ஸ்வானா, லெசோத்தோ, எஸ்வாத்தினி, நமீபியா நான்கும் தென்னாப்பிரிக்காவோடு ஒரே சுங்க ஒன்றியத்தில் இருப்பவை. சுங்கவரி இருக்காது. வாட்டும் அறிவிப்புத் தாளும் உண்டு.

9. காலக்கணக்கு

உள்நாட்டுச் சுற்றுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்குங்கள். நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே தள்ளுபடியிலிருந்து கூரியர்கள் திணறும், டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம்வரை பாதி நாடு விடுமுறையில் இருக்கும். நவம்பர் 15-க்குள் அனுப்ப முடியாவிட்டால் ஜனவரிக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். தைப்பூசக் காவடி, புரட்டாசி விரதம், தீபாவளிப் பலகாரம் இந்த மூன்று காலத்திலும் நம் வீடுகளில் யாருக்கும் கை ஒழியாது. கம்பளி வேலையை மே மாதத்துக்குள் அனுப்பினால்தான் ஜோகன்னஸ்பர்க் குளிருக்கு உதவும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், ஜூலை, ஆகஸ்டிலும் சுற்றுகள் ஒழுங்காக முடிகின்றன.

10. வராவிட்டால்

அனுப்பிய அன்றே கண்காணிப்பு எண்ணைப் படமெடுத்துப் பெறுபவருக்கு அனுப்புங்கள். கிடைத்தவுடன் படத்தோடு பதில் போடுவது பெறுபவர் கடமை. சொன்ன நாள் தாண்டி ஒரு வாரம் ஆனதும் நீங்கள் கூரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பணம் கட்டியது நீங்கள், பெறுபவர் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அனுப்பிய ரசீது, கண்காணிப்பு எண், பொருளின் படம், துணி வாங்கிய ரசீது இவை எல்லாம் ஒரே மின்னஞ்சலில் போகட்டும். புகார் எண் கேட்டு வாங்குங்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தே எதுவும் வராவிட்டால், ஒருங்கிணைப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். குழுவில் போட்டு உடைக்காதீர்கள். உடம்பு முடியாமல் இருக்கலாம், வேலை போயிருக்கலாம். நல்ல குழுக்களில் இப்படி ஏமாந்தவருக்குச் செய்து கொடுக்க இரண்டு மூன்று பேர் முன்வந்து பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். சேரும்போதே அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் முதல் சுற்று முடிந்ததும் அந்தப் பட்டியலில் முதல் பெயராக உங்கள் பெயரைக் கொடுங்கள்.